கோடு அறுந்த மாதங்கள்

எங்கள் அலுவலகத்தில் காலிக் கட்டம் விடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. கணினியில் எண்களை ஏற்றும்போது ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. முன்பு எப்போதோ, பணம் கொடுக்கும் டெல்லிக்காரர்கள் ஓர் அறிக்கையைத் திருப்பி அனுப்பி, அட்டவணையில் இத்தனை ஓட்டை ஏன் என்று கேட்டுவிட்டார்களாம். அந்த அவமானத்தை எங்கள் இயக்குநர் மறக்கவேயில்லை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அவர் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எங்களில் யாரும் அதை எதிர்த்துக் கேட்டதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. சாஸ்தமங்கலத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். மற்றவர்கள் நடத்தும் நலத்திட்டங்களால் உண்மையில் யாருக்காவது உபயோகம் உண்டா என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். மதிப்பீடு என்று அதற்குப் பெயர். புள்ளியியல் படித்துவிட்டு நான் அங்கே சேர்ந்திருந்தேன். களத்துக்குப் போகிறவர்கள் கொண்டுவரும் எண்களைப் படங்களாக மாற்றுவது என் வேலை. கோடு, பட்டை, வட்டம். படம் போடுகிற பெண் என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். எந்த தியேட்டரில் என்று கேட்டவர்களும் உண்டு.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எங்களுடையது நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் குடியேறிய குடும்பம். வீட்டில் நாஞ்சில் நாட்டுத் தமிழ், பள்ளியில் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்ததில் மூன்று மொழியிலும் சண்டை போட வரும். இயக்குநரும் கரமனைக்காரர்தான், அங்குள்ள அக்ரஹாரத்தைச் சேர்ந்தவர். அதனால் எங்கள் சண்டை தமிழில் நடக்கும். மற்றவர்களுக்குப் பாதிதான் புரியும் என்பதால் இரண்டு பேருக்குமே அது வசதியாக இருந்தது.

சண்டை பெரும்பாலும் வட்டப்படத்தைப் பற்றித்தான். அவருக்கு அதன்மேல் அப்படியொரு மோகம். அதிலும் வட்டம் சற்றுச் சாய்ந்து, தடிமனாக, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கவேண்டும். முன்னால் நிற்கும் துண்டு பெரிதாகத் தெரியும், பின்னால் உள்ளது சிறுத்துத் தெரியும், ஆளை ஏமாற்றுகிற படம் சார் இது என்பேன்.

"பாக்க நன்னா இருக்கே, அது போறாதா?" என்பார்.

"பாக்க நல்லா இருக்கதுக்குக் காலண்டர் வாங்கி மாட்டுங்க சார்."

சிரித்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லப்போகும் விஷயத்தில் கெட்டவர்கள் என்று யாரையும் கைகாட்ட முடியாது. காட்ட முடிந்திருந்தால் அந்த ஆளைத் திட்டித் தீர்த்துவிட்டு நான் எப்போதோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த வருடம் எங்களிடம் வந்தது ஒரு மருத்துவ வண்டியைப் பற்றிய மதிப்பீடு. விதுராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் மலைச்சாலையில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. தோட்டத் தொழிலாளர்கள் லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்றோ வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவர்களுக்காக ஒரு தர்ம ஸ்தாபனம் ஒரு வெள்ளை வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்துப் பெட்டிகள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு லயத்துக்குக் கீழேயும் சாலையோரம் வண்டி நிற்கும். செலவு டெல்லிக்காரர்களுடையது. அடுத்த வருடமும் வண்டி ஓடட்டுமா, நிறுத்திவிடலாமா என்று அவர்கள் முடிவெடுக்கவேண்டும். எங்கள் அறிக்கையை வைத்துத்தான் எடுப்பார்கள்.

வண்டி நிற்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்டேன். கீழே போன இரண்டு வருடத்து மாதங்கள், பக்கவாட்டில் வந்தவர்களின் எண்ணிக்கை, நடுவில் ஒரு கோடு. புரொஜெக்டரில் வைத்துக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் கண்ணாடித் தாள்களில் அச்சடித்தோம். கோடு மே மாதம்வரை ஏறியிறங்கிப் போகும். ஜூனில் தரையைத் தொடும். ஆகஸ்ட்வரை தரையிலேயே கிடக்கும். செப்டம்பரில் எழுந்துகொள்ளும். மழைக்காலத்தில் மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிடுகிறது என்று இயக்குநர் முடிவுரையே சொல்லிவிட்டார். ஆர்வமில்லாதவர்களுக்கு எதற்கு வண்டி என்று அடுத்த கேள்வி டெல்லியிலிருந்து வரும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கண்ணாடித் தாளில் மை சீக்கிரம் காயாது. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஜன்னலோர மேஜையில் பரப்பிவைத்திருந்த தாள்களை மாலையில் ஒன்றாக அடுக்கி எடுத்தேன். மை காய்ந்ததா என்று பார்க்க அப்படியே வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஒவ்வோர் இடத்துக் கோடும் ஒவ்வொரு வழியில் போனது. ஓரிடத்தில் பொங்கலுக்குக் கூட்டம் குறைந்திருந்தது, இன்னோரிடத்தில் பங்குனியில் அம்மன் கொடைக்கு யாருமே அவ்வளவாக வரவில்லை. ஆனால் ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை அத்தனை கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கோடாகக் கீழே படுத்திருந்தன. அதற்கு முந்திய வருடத்திலும் அதே மாதங்கள், அதே கிடப்பு.

மனிதர்கள் இந்த அளவுக்கு ஒத்துப்போகமாட்டார்கள். மழை என்றால் கூட்டம் பாதியாகும், கால்வாசியாகும், ஒரு கிழவியாவது முட்டுவலி என்று குடையோடு வந்து நிற்பாள். எல்லா இடத்திலும், எல்லா மாதமும், ஒருவர்கூட வராமல் இருக்க வேண்டுமென்றால் அத்தனை பேரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். அப்படியில்லையென்றால் அந்த எண்களில் மனிதர்களே இல்லை.

எண்களை ஏற்றியவள் என் பக்கத்து மேஜையில் இருந்த பாறசாலைக்காரி. அவளிடம் கேட்டேன்.

"அது காலியாட்டு கெடந்துது அக்கா," என்றாள். "சார் சொல்லியிருக்காருல்லா, காலி விடப்பிடாதுன்னு. நான் பூஜ்யம் போட்டேன்."

வண்டியில் போகும் நர்ஸுக்கு ஃபோன் செய்தேன். மழை மாதங்களில் வண்டி மலை ஏறுவதே இல்லை என்று அவர் மலையாளத்தில் சர்வசாதாரணமாகச் சொன்னார். மண் சரியும், டாக்டர் வரமாட்டார், டிரைவர் சம்மதிக்கமாட்டார். "அது எல்லார்க்கும் அறியாமல்லோ," என்றார். எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. எங்கள் கணினிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் தாள்களைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். இது பூஜ்யம் இல்லை சார், இங்கே எண்ணே கிடையாது, வண்டியே போகவில்லை என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வண்டி போயிருந்தாலும் ஜனங்கள் வந்திருக்கமாட்டா, கேட்டியா. அந்த மழையில யாரு வந்து நிக்கப்போறா? பூஜ்யம் பூஜ்யந்தான்."

"நிக்காங்களா இல்லையான்னு போய்ப் பாக்கட்டுமா?"

"போயேன். பாத்துட்டு வா. குடை எடுத்துக்கோ."

ஆடி மாதம் பிறந்திருந்தது. வண்டி வரவேண்டிய நாளாகப் பார்த்து அலுவலக ஜீப்பில் புறப்பட்டேன். நெடுமங்காடு தாண்டும்வரை தூறல்தான். விதுராவில் டீ குடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் போகவேண்டாம் என்று முனகிக்கொண்டே ஓட்டினார். கல்லாறு கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எதிரே அரசு பஸ் இறங்கி வந்தது. எங்கள் டிரைவர் பின்னால் எடுத்து வழிவிட்டார். பஸ் போகிற சாலையில்தான் மருந்து வண்டி போகமுடியாதாம்.

அதற்குமேல் ஒரே மூடுபனி. ஜீப்பின் விளக்கைப் போட்டும் முன்னால் எதுவும் தெரியவில்லை. ஒரு வளைவில் திடீரென்று சாலை நடுவே ஒரு கை மட்டும் தெரிந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். தலைமேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் இடுப்பை ஒட்டிக்கொண்டு ஒரு சிறுமி. என்னைப் பார்த்து ஏதாவது கேட்பாள் என்று கண்ணாடியை இறக்கினேன். அவள் என் பக்கம் வரவேயில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு அவசரமாக ஜீப்பின் பின்பக்கம் போனாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஜீப்பின் பின்கதவுக்கு முன்னால், கதவு திறக்கக் காத்துக்கொண்டு நின்றிருந்தாள். மருத்துவ வண்டியில் பின்கதவு வழியாகத்தான் மருந்து கொடுப்பார்கள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஜீப்பும் வெள்ளை. கையில் ஒரு காலி மருந்துக் கவரை மடித்து வைத்திருந்தாள்.

"டாக்டர் வரலியா டீச்சரே?" என்றாள். கண்ணாடி போட்டுக் கையில் ஃபைலும் வைத்திருக்கும் எந்தப் பெண்ணும் அங்கே டீச்சர்தான்.

நாங்கள் வேறு ஆட்கள், ஆபீஸ் ஜீப் இது என்று சொன்னேன். அவள் முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் பிள்ளையின் தலையைத் துடைத்தாள்.

"வண்டி வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"தெரியாம என்ன. மழை வந்தா வராது. ஆனா வந்துட்டா? நான் இல்லாத நேரமாப் பாத்து வந்துட்டுப் போயிட்டா என்ன செய்வேன்? மத்தவங்களும் வந்தாங்க, நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. எனக்குப் போவ முடியாதுல்லா."

சிறுமிக்கு வலிப்பு நோய். வண்டியில் கொடுக்கும் மாத்திரை தினமும் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. விட்டால் வந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் ஒருமுறை விழுந்ததில் முழங்கைக்குக் கீழே தோல் வழவழவென்று வெந்து ஆறியிருந்தது. மே மாதம் கொடுத்த மாத்திரையைத் தாய் அரை அரையாக ஒடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப கால் காலா ஒடிச்சிக் குடுக்கேன். தூளாப் போவுது," என்றாள்.

பஸ்ஸில் விதுராவுக்குப் போய் வாங்கக்கூடாதா என்று கேட்டேன். கேட்டிருக்கிறாள். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைத் தரமாட்டோம் என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சிறுமி என் குடையை வாங்கி, பொத்தானை அழுத்தினால் தானாக விரிவதைக் கண்டுபிடித்துவிட்டாள். மடக்குவதும் விரிப்பதுமாக ஒரே சிரிப்பு. விரியும்போதெல்லாம் என்மேல் தண்ணீர் தெறித்தது. எங்கள் டிரைவர்கூட சிரித்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நர்ஸைப் பிடித்தேன். அவர் உடனே மாத்திரை எடுத்துக் கொடுத்தார், பாவம், நல்ல மனுஷி. மறுநாள் விதுராவிலிருந்து புறப்படும் பஸ்ஸில் கண்டக்டரிடம் பொட்டலத்தைக் கொடுத்து, இந்த வளைவில் இன்ன பிள்ளையின் அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பிறகு நான் கோட்டுக்குத் திரும்பினேன். எண் இல்லாத மாதத்தை ஒரு படத்தில் மூன்று விதமாகக் காட்டலாம். பூஜ்யத்தில் வைக்கலாம், கோடு தரையில் விழும், யாரும் வரவில்லை என்று அர்த்தமாகும். மே மாதப் புள்ளியையும் செப்டம்பர் புள்ளியையும் நேராகச் சேர்த்துவிடலாம், நடுவிலும் எல்லாரும் வழக்கம்போல் வந்தார்கள் என்று தோன்றும். இல்லையென்றால் கோட்டை மே மாதத்தில் நிறுத்தி, இடம் விட்டு, செப்டம்பரில் மறுபடி தொடங்கலாம். முதல் இரண்டும் பொய். மூன்றாவது பார்க்க நன்றாக இருக்காது, அச்சில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். நான் மூன்றாவதைத்தான் போட்டேன்.

"சேர்த்துடேன்," என்றார் இயக்குநர். "வண்டி தொடரணும்னுதானே உனக்கும்? சேர்த்தா கோடு ஜம்முனு இருக்கும். அவாளும் சந்தோஷமாப் பணம் கொடுப்பா."

"அங்க ஒரு பொம்பள மழையில நிக்கா சார். அவ தலைக்கு மேல கோடு போடச் சொல்லுதீங்களா?"

கோபத்தில் எனக்கு நாஞ்சில் தமிழ் முழுவேகத்தில் வரும். அவர் படத்தை வாங்கி மேஜைமேல் வைத்துப் பார்த்தார். பிறகு, சரி, அறுத்தே போடு என்றார். தன்னுடைய சட்டத்தைத் தானே முதல்முறையாக மீறினார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றும் இருக்கிறது.

வீட்டிலும் அதே படம்தான் என் மடியில் இருக்கும். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன மக்ளே, கோடு பாதியில நிக்கு?"

"வண்டி போகலப்பா."

"வண்டி போகலன்னா போகலன்னு எழுதிர வேண்டியதுதான?"

எழுதத்தான் செய்தேன். இடைவெளிக்கு நடுவே சின்ன எழுத்தில், வண்டி வரவில்லை, மக்கள் வந்து காத்திருந்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். படத்துக்குக் கீழே குறிப்பு எழுதினால் யாரும் படிப்பதில்லை. கோடு அறும் இடத்திலேயே எழுதினால் கண் தானாக அங்கே போகும்.

பல வருடம் கழித்து, கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இதே வேலையைச் செய்ய நேர்ந்தது. அங்கே எல்லாம் திரையில். எண்கள் வர வரக் கோடுகள் தானாக நகரும். இடையில் எண் வராவிட்டால் அந்த மென்பொருள் யாரையும் கேட்காமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்டுவிடும். அதை நிறுத்துங்கள் என்று ஒவ்வொரு புதுப் பையனிடமும் பெண்ணிடமும் நான் சொல்ல, மேடத்துக்கு ஓட்டை என்றால் ரொம்ப இஷ்டம் என்று தங்களுக்குள் மலையாளத்தில் கேலி பேசிக்கொள்வார்கள். காதில் விழும். சிரித்துக்கொள்வேன். ஆனால் வழவழப்பாகப் போகும் எந்தக் கோட்டைப் பார்த்தாலும், வெளியே மதிய வெயில் அடிக்கும்போதும், அந்தக் குளிர்பதன அறையிலும், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் யாரோ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிடும். பயமாகவே இருக்கும். பயம் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நான் மலைக்குப் போய்வந்த அந்த வருடமே, டெல்லிக்காரர்களுடன் கூட்டம் ஐப்பசியில் நடந்தது. ஸ்டாச்சூ சந்திப்புப் பக்கம் ஒரு ஓட்டலில் அறையை இருட்டாக்கிப் புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். என் படம் சுவரில் விழுந்ததும் வந்திருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுந்த இடத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். எழுதியிருந்ததையும் படித்தார். இவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்து நாளாயிற்று என்றார். எனக்குச் சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது. வண்டி தப்பித்தது என்று நினைத்தேன்.

வண்டி தப்பித்தது. மக்கள் நன்றாகவே வருகிறார்கள், ஆகவே திட்டம் தொடரட்டும் என்றார்கள். அடுத்த வாக்கியத்திலேயே, மழை மாதங்களில் வண்டி ஓடுவதில்லை என்பது படத்திலிருந்தே தெளிவாகத் தெரிகிறது, ஆகவே அந்த மூன்று மாதத்துக்கு டீசலும் டாக்டர் சம்பளமும் எதற்கு, அதிகாரபூர்வமாகவே நிறுத்திவிடலாம் என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். பஸ் போகிற சாலை அது, அவர்கள் நிற்கிறார்கள், நீங்கள்தான் போகவில்லை என்றேன். கோபத்தில் ஆங்கிலம் காலை வாரியது. இயக்குநர் பேனாவால் மேஜையை மெதுவாகத் தட்டினார், உட்காரு என்று அர்த்தம். நான் உட்காரவில்லை. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் என்ன செய்யும் என்று கேட்டேன். முக்கியமான விஷயம் என்று அதிகாரி குறித்துக்கொண்டார். தினசரி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மே மாதமே மழைக்காலம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று அங்கேயே தீர்மானமும் ஆனது. அது சரியான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன்.

மறு வருடம் படங்களுக்கு டெல்லியிலிருந்தே ஒரு மாதிரி வந்தது. இனி எல்லா ஊரிலும் ஒரே விதமாகப் போடவேண்டும், நாங்கள் எண்ணை மட்டும் நிரப்பினால் போதும். திறந்து பார்த்தேன். கீழே மாதங்கள் வரிசையாக எழுதியிருந்தன. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர். மே மாதத்துக்கு அடுத்து செப்டம்பர், மற்ற மாதங்களுக்கு உள்ள அதே தூரத்தில். திட்டம் நடக்காத மாதங்கள் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்களாம். அறுப்பதற்கு இப்போது இடமே இல்லை. பாறசாலைக்காரி பார்த்துவிட்டு, "வேலை சுலபமாச்சு அக்கா," என்றாள். அவளைக் கடித்துக் குதறியிருப்பேன், ஆனால் அவள்மேல் என்ன தப்பு.

ஓணம் முடிந்து, வண்டி மறுபடி ஓடத் தொடங்கியதும் நானும் அதோடு போனேன். மழை விட்டு மலை பளிச்சென்று இருந்தது. அந்த வளைவில் நல்ல கூட்டம். மழைக்காலத்துக் காய்ச்சலும் இருமலும் எல்லாரையும் இறக்கிவிட்டிருந்தன. பின்கதவைத் திறந்து நர்ஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் அவள் நின்றிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பக்கத்தில் போனேன்.

"என்னக்கா, மக எங்க?"

"ஆடியில போயிட்டா டீச்சரே."

எங்கே என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. அவள் வரிசையைவிட்டு நகராமலே, முன்னால் இருந்தவள் ஓரடி வைத்தால் தானும் ஓரடி வைத்துக்கொண்டு சொன்னாள். மே மாதமே எல்லா மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். பேப்பர் கவரில். லயத்தில் எந்த வீட்டில் ஒழுகாமல் இருக்கிறது. பெட்டிக்குள்தான் வைத்திருந்தாள். ஆடியில் எடுத்துப் பார்த்தபோது மாவாகக் கரைந்து கவரோடு ஒட்டிக்கிடந்தது. அதையும் சுரண்டிக் கொடுத்திருக்கிறாள். சிறுமி ஓடைக்கு முகம் கழுவப் போனவள், வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்துவிட்டாள்.

"நான் ரோட்டுலல்லா நின்னேன், அந்நேரம்," என்றாள். "வராதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இனி மழைக்கு வரவே வராது, கெவுருமெண்டுலயே சொல்லியாச்சுன்னாங்க. ஆனா போன ஆடிக்கு நீங்க வந்தீங்கல்லா. மாத்திரயும் வந்துது. அதனால நின்னேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஏன் நின்றாள் என்று நான் கேட்பேன் என்று நினைத்து, கேட்காமலே காரணம் சொன்னாள். அவள் கையைப் பிடித்தேன். சொரசொரவென்று தேயிலைக் கறை படிந்த கை, அது என் கைக்குள் பேசாமல் கிடந்தது. நர்ஸ் உள்ளிருந்து கூப்பிட்டார். உறக்கம் வரவில்லை, அதற்கு ஏதாவது தாருங்கள் என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது. நர்ஸ் பெயரை எழுதிக்கொண்டு மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

அந்த மாதத்து எண்ணை நான்தான் படத்தில் ஏற்றினேன். அழகான படம்தான். மே மாதத்துப் புள்ளிக்குள் தாயும் மகளும் இருக்கிறார்கள். அதையொட்டி அடுத்தது செப்டம்பர், அதில் தாய் மட்டும். காய்ச்சல்காரர்கள் நிறைய வந்ததால் அந்த மாதம் கூட்டம் அதிகம். கோடு ஓரிடத்திலும் அறாமல் மேலே ஏறிப் போகிறது.